ஒரு குரலுக்கு அடங்கிய பாரம்

1586 ஏப்ரல் 30. ரோமில் புனித பேதுரு பேராலயத்தின் தென்புறத்தில் விடிவதற்கு முன்பே கூட்டம் சேர்ந்துவிட்டது. கி.பி. 37 வாக்கில், பேரரசன் கலிகுலாவின் ஆட்சியில், எகிப்திலிருந்து கப்பலேற்றிக் கொண்டுவரப்பட்ட சிவப்புக் கிரானைட் தூண் ஒன்று அங்கே ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளாக நின்றிருந்தது. ஒரே கல், உயரம் 25 மீட்டருக்கு மேல். அதைப் பெயர்த்து, ஏறத்தாழ 250 மீட்டர் நகர்த்தி, பேராலயத்தின் முன்வாசலில் நிறுத்த வேண்டும் என்பது பாப்பரசர் ஐந்தாம் சிக்ஸ்துஸின் கட்டளை. பொறுப்பேற்றவர் கட்டடக் கலைஞர் டொமினிகோ ஃபொன்டானா.

ஃபொன்டானா முதலில் எடையைக் கணக்கிட்டார். அதே வகைக் கல்லில் ஒரு சாண் கனம் வெட்டி நிறுத்துப் பார்த்து, முழுத் தூணின் எடை 9,63,537 ரோமானிய ராத்தல் என்று கண்டார். நம் அளவில் 300 டன்னுக்கு மேல். ஒரு சுழல் உருளை 20,000 ராத்தலைத் தூக்கும் என்பது அவர் கணிப்பு. அப்படி 40 உருளைகள், மிச்ச எடைக்கு ஐந்து பெரிய நெம்புகோல்கள். தூணைச் சுற்றி ஓக் மரத்தில் ஒரு கோட்டையே எழுப்பினார்.

கணக்கு தீர்ந்தது, அதைவிடக் கடினமான சிக்கல் பாக்கி இருந்தது. சுமார் 900 ஆட்கள், 75 குதிரைகள், 40 உருளைகள். ஓர் உருளை முந்தினாலும் அதன் கயிறு மட்டும் எடை முழுவதையும் வாங்கி அறுந்துபோகும். உருளையைச் சுற்றுகிறவனுக்குத் தூண் நகர்வது தெரியாது. தூணடியில் நிற்பவனுக்கு உருளை தெரியாது. நாற்பது இடங்களில் நடக்கும் வேலையை ஒரே கையின் வேலையாக்குவது எப்படி?

அதற்கு அவர் கண்ட விடை, ஓர் எக்காளமும் ஒரு மணியும். எல்லோரும் பார்க்கும் உயரத்தில் எக்காளம் ஊதுபவர் நிற்பார். ஃபொன்டானா சைகை காட்டியதும் ஊதுவார். ஊதினால் எல்லா உருளைகளும் சுழல வேண்டும். மரக்கோட்டையின் உச்சியில் மணி. அடித்தால் அத்தனை பேரும் அந்தக் கணமே நிற்க வேண்டும். வேடிக்கை பார்க்க வந்தவர்கள் தடுப்பைத் தாண்டினாலோ சத்தம் போட்டாலோ கடும் தண்டனை உண்டு என்று முன்கூட்டியே அறிவிக்கப்பட்டிருந்தது. கோட்டைக்கு அடியில் வேலை செய்த தச்சர்கள், மேலிருந்து ஏதாவது விழுந்தால் தாங்குவதற்கு இரும்புத் தலைக்கவசம் அணிந்திருந்தார்கள்.

எக்காளம் முழங்கியது. முதல் இழுப்பிலேயே மரக்கோட்டை முழுதும் நெரிந்து பெரும் சத்தம் எழுந்தது. உடனே மணி அடித்தது. 40 உருளைகளும் நின்றன. ஏறிப் பார்த்தபோது, தூணின் உச்சியைச் சுற்றிக் கட்டியிருந்த இரும்புப் பட்டை ஒன்று முறிந்திருந்தது. அதைச் சரிசெய்த பிறகே அடுத்த எக்காளம். அன்று மாலைக்குள் 12 அசைவுகளில் தூண் ஏறக்குறைய 60 சென்டிமீட்டர் உயர்ந்தது. மே மாதம் அதைப் படுக்கவைத்தார்கள். செப்டம்பர் 10 அன்று புது இடத்தில், 52 அசைவுகளில் நிமிர்த்தி நிறுத்தினார்கள்.

இந்தச் சம்பவத்தை எழுதியவர்கள் பலரும் உருளைகளையும் கயிறுகளையும்தான் வியந்திருக்கிறார்கள். வியக்க வேண்டிய இடம் அந்த மணி. பட்டை முறிந்த பிறகு இன்னும் இரண்டு சுற்று சுற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை எண்ணிப் பார்த்தாலே போதும். பாரம் தூக்கும் தொழிலின் வரலாறு நெம்புகோல், கப்பி, நீராவி, மின்மோட்டார் என்று இயந்திரங்களின் வரிசையாகவே சொல்லப்படுகிறது. இயந்திரத்தை இயக்குபவருக்குக் கண்ணாக நின்ற ஆளின் கதை அதற்குள் புதைந்து கிடக்கிறது.

நிலக்கரிச் சுரங்கத்தில் அந்த ஆள் இல்லாமல் ஒருநாள்கூட வேலை நடந்ததில்லை. கூண்டை இழுக்கும் இயந்திரம் சுரங்க வாயிலிலிருந்து தள்ளி, தனிக் கொட்டகையில் இருக்கும். இயக்குபவரால் பள்ளத்துக்குள் பார்க்க முடியாது. பிரிட்டனில் ஆரம்பத்தில் ஒரு கம்பியை இழுத்தால் மேலே சுத்தியல் ஒன்று தகட்டில் தட்டும். பிறகு மின்மணி வந்தது. நிற்கும் கூண்டுக்கு ஒரு தட்டு என்றால் ஏற்று. இரண்டு என்றால் இறக்கு. மூன்று என்றால் ஆட்கள் ஏறுகிறார்கள். ஓடிக்கொண்டிருக்கும் கூண்டுக்கு ஒரு தட்டு விழுந்தால் நிறுத்து. ஆபத்தில் எண்ணிக்கொண்டிருக்க நேரம் கிடையாது என்பதால், நிறுத்தச் சொல்வதற்கு ஒரே தட்டு. சுரங்க வாயிலில் நின்று இந்த மணியைக் கவனித்தவரை பேங்க்ஸ்மேன் என்றார்கள். பிரிட்டனின் கட்டுமானத் தளங்களில் கிரேனுக்குச் சைகை காட்டுபவருக்கு இன்றும் அதே பெயர்தான்.

துறைமுகத்தில் நிலைமை இன்னும் சிக்கலானது. கப்பலின் மேல்தளத்தில் விஞ்ச் எனும் இழுவைப் பொறியை ஓட்டுபவருக்கு, தான் தூக்கும் மூட்டை அடியறையிலிருந்து எப்படிக் கிளம்புகிறது என்பதே தெரியாது. கீழே மூட்டைகளுக்கு நடுவே ஆட்கள் நிற்பார்கள். ஹேட்ச் எனும் அடியறை வாயின் விளிம்பில் ஒருவர் நின்று, பார்வையைக் கீழேயும் கையை மேலேயும் வைத்திருப்பார். அவர் ஒரு நொடி கவனம் தவறினால் சுமை விளிம்பில் இடித்து, கொக்கியிலிருந்து கழன்று, அடியில் நிற்பவர் தலையில் விழும்.

1932இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு கப்பல் சரக்குத் தொழிலாளர்களுக்காகக் கொண்டுவந்த 32ஆம் எண் உடன்படிக்கை, பாரந்தூக்கிகளை இயக்குபவர் மட்டுமல்லாமல் அவருக்குச் சைகை தருபவரும் திறமையும் நம்பகமும் உள்ளவராக இருக்க வேண்டும் என்று எழுதியது. ஓட்டுநரையும் சைகைக்காரரையும் ஒரே வாக்கியத்தில் வைத்தது பெரிய மாற்றம். இந்தியாவில் அதற்கான துறைமுகத் தொழிலாளர் சட்டம் 1934இல் இயற்றப்பட்டும் 1948இல்தான் நடைமுறைக்கு வந்தது. சென்னைத் துறைமுகத்தின் ஹேட்ச் ஓரத்தில் நின்றவருக்குச் சட்டத்தில் இடம் கிடைக்க அத்தனை வருடம் ஆயிற்று. அதற்கு வெகுகாலம் முன்பே இந்தியக் கப்பல் தொழிலாளர்கள் தங்களுக்கென ஒரு மொழியை உண்டாக்கி வைத்திருந்தார்கள். ‘ஹாபீஸ்’ என்றால் ஏற்று, ‘ஆரியா’ என்றால் இறக்கு. போர்த்துக்கீசியக் கப்பல்களிலிருந்து வந்த ‘ஆரியா’வை இன்றும் கட்டுமானத் தளங்களில் கேட்கலாம்.

நியூயார்க்கில் வானளாவிய கட்டடங்கள் எழுந்த காலத்தில் மணி மறுபடி வந்தது. உச்சியில் டெரிக் எனும் தூக்குமரம் இரும்புத் தூண்களை ஏற்றும்; அதன் இயந்திரமோ பல மாடிகள் கீழே இருக்கும். நடுவில் மணிக்காரர் ஒருவர் பொத்தானை அழுத்தி, எத்தனை முறை மணி ஒலிக்கிறது என்ற கணக்கில் செய்தி அனுப்புவார். கீழே இருப்பவர் தூக்குவதைப் பார்க்காமலேயே தூக்கினார்.

கைச்சைகைகளும் காலப்போக்கில் ஒழுங்குக்கு வந்தன. ஆள்காட்டி விரலை மேலே நீட்டிச் சிறு வட்டம் போட்டால் ஏற்று. கீழே நீட்டி வட்டம் போட்டால் இறக்கு. ஒரு கை சைகை காட்ட, மறு கையை அதன் முன் அசையாமல் பிடித்தால் மெதுவாக. அமெரிக்கத் தளங்களில் இரு கைகளையும் பக்கவாட்டில் நீட்டி முன்னும் பின்னும் வீசினால் உடனே நிறுத்து. பீகாரிலிருந்து வந்த ஓட்டுநரும் விழுப்புரத்துச் சிக்னல்மேனும் ஒரே தளத்தில் வேலை செய்ய, இந்த விரல்களே போதுமான மொழி.

ஃபொன்டானாவின் தூணைப் பற்றி ஒரு கதை உண்டு. தூணை நிமிர்த்தும் நாளில், வாய் திறந்தால் மரணம் என்ற கட்டளைக்கு நடுவே, கயிறுகள் உரசிச் சூடேறி அறுபடும் நிலைக்கு வந்தனவாம். சான்ரெமோ ஊரைச் சேர்ந்த பிரெஸ்கா என்ற மாலுமி, “கயிற்றுக்குத் தண்ணீர் ஊற்றுங்கள்!” என்று கத்தினானாம். பாப்பரசர் அவனைத் தண்டிக்காமல், குருத்தோலை ஞாயிற்றுக்கு வத்திக்கானுக்கு ஓலை தரும் உரிமையை அவன் குடும்பத்துக்குக் கொடுத்தாராம். ஃபொன்டானா 1590இல் எழுதிய விரிவான நூலில் இப்படி எதுவும் இல்லை. பின்னால் முளைத்த கதை இது. ஆனாலும் மக்கள் அதை விடாமல் சொல்லிவந்ததற்குக் காரணம் இருக்கிறது. ஒரே ஆள் ஆணையிடும் ஏற்பாட்டின் பலவீனம் அதில் தெரிகிறது. அந்த ஒருவர் பார்க்காததை வேறொருவர் பார்த்துவிட்டால் என்ன செய்வது?

தொழில் இதற்கு ஒரு விடை கண்டது. ஏற்று, இறக்கு, திருப்பு என்று சொல்ல ஒருவருக்கு மட்டுமே உரிமை. நிறுத்து என்று சொல்லத் தளத்தில் உள்ள யாருக்கும் உரிமை. சித்தாள் சொன்னாலும் ஓட்டுநர் நிறுத்தியே ஆக வேண்டும். 2010இல் அமெரிக்கா வெளியிட்ட கிரேன் விதிகள் இதைச் சட்டமாகவே எழுதின. சுமை இறங்கும் இடம் ஓட்டுநருக்கு முழுதாகத் தெரியாவிட்டால் சிக்னல்மேன் கட்டாயம். அவர் எழுத்துத் தேர்விலோ வாய்மொழித் தேர்விலோ தேறி, செய்தும் காட்டித் தகுதி பெற்றிருக்க வேண்டும். ‘இடப்பக்கம்’ என்று அவர் சொன்னால் அது ஓட்டுநரின் இடப்பக்கம். தொடர்பு அறுந்தால் வேலை நிற்க வேண்டும்.

அந்த விதிகளுக்கு முன் நடந்த விபத்துகளில் ஒன்று மில்வாக்கி நகரில், 1999 ஜூலை 14 அன்று. விளையாட்டரங்கத்துக்காக 400 டன்னுக்கு மேற்பட்ட கூரைப் பாகத்தை ‘பிக் ப்ளூ’ என்ற ராட்சத கிரேன் தூக்கியது. காற்று பலமாக இருந்தது. அகன்ற கூரைப் பாகத்தின் மேல் அந்தக் காற்று எவ்வளவு அழுத்தும் என்பது கணக்கில் எடுக்கப்படவில்லை என்று விசாரணையில் தெரியவந்தது. கிரேன் சரிந்தது; வேறொரு கிரேனில் தொங்கிய கூடையில் இருந்த மூன்று இரும்புத் தொழிலாளர்கள் இறந்தார்கள். அரசுப் பாதுகாப்பு ஆய்வாளர் ஒருவர் அந்தத் தூக்கலை வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார். சரிவதும் அதில் பதிவாயிற்று. சைகை எவ்வளவு சரியாக இருந்தாலும், தூக்கவே கூடாத நேரத்தில் தூக்கினால் அது காப்பாற்றாது.

இன்று டவர் கிரேன் ஓட்டுநரின் காதில் வாக்கிடாக்கி இருக்கிறது. கொக்கியருகே கேமராவும் வந்துவிட்டது. ஆனாலும் முப்பது மாடிக் கட்டடத்தில் ஒரு கம்பிக்கட்டு தரையிலிருந்து உச்சிக்குப் போக இரண்டு சிக்னல்மேன்கள் வேண்டும். கீழே இருப்பவர் கட்டி அனுப்புகிறார்; மேலே இருப்பவர் வாங்குகிறார். நடுவழியில் ஆணை ஒருவரிடமிருந்து மற்றவருக்கு மாறுகிறது. இருவரும் சேர்ந்து பேசினால் ஓட்டுநர் யார் சொல்வதைக் கேட்பார் என்பது தெரியாது. இருவரும் பேசாவிட்டால் சுமைக்குச் சொந்தக்காரர் இல்லை. நல்ல தளங்களில் சுமையை அந்தரத்தில் நிறுத்திவிட்டு, மேலே இருப்பவர் தன் பெயரைச் சொல்லி ‘நான் எடுத்துக்கொள்கிறேன்’ என்று அறிவித்து, ஓட்டுநர் அதைத் திருப்பிச் சொன்ன பிறகுதான் கொக்கி மறுபடி அசையும்.