போனோகிராப் உருளையின் சுழல்வேகம்: வீட்டுப் பழுதுபார்ப்பும் மொழிப்பதிவுகளின் வாசிப்பும்

தாமஸ் எடிசன் 1877இல் அமைத்த முதல் போனோகிராப் வெள்ளீயத்தாளில் ஒலியைப் பதித்தது. அதைக் கையால் சுழற்ற வேண்டியிருந்தது. எனவே பேசியவரின் குரலோடு சுழற்றியவரின் கையும் பதிவில் கலந்துவிட்டது. ஒரே சீரான வேகத்தில் சுழற்றுவது எவருக்கும் கைவரவில்லை. வோல்ட்டா ஆய்வகத்தைச் சேர்ந்த சிசெஸ்டர் பெல்லும் சார்லஸ் டெய்ன்டரும் 1886இல் காப்புரிமை பெற்ற கருவியில் மெழுகு பூசிய அட்டை உருளை இடம்பெற்றது. எடிசனின் 1888ஆம் ஆண்டுக் கருவியில் முழுதும் மெழுகாலான உருளை வந்தது. அது மின்கலத்தால் இயங்கியது. மின்கலத்தின் இடத்தைச் சுருள்வில் பிடித்துக்கொண்ட பிறகே போனோகிராப் வீட்டுப் பொருளாயிற்று. 1898இல் எடிசன் ஸ்டாண்டர்ட் 20 டாலருக்கும், 1899இல் அதனினும் சிறிய ஜெம் 7.50 டாலருக்கும் விற்கப்பட்டன.

மொழியியலாருக்கு இந்த விலைப்பட்டியலால் ஆவது என்ன என்று கேட்கலாம். எழுத்து வழக்கில்லாத மொழிகளைத் தேடிச் சென்ற ஆய்வாளர்கள் தமக்கெனத் தனிக்கருவி எதையும் செய்துகொள்ளவில்லை; வீட்டுக் கூடத்தில் பாட்டுக் கேட்பதற்காகச் செய்யப்பட்ட வகைக் கருவிகளையே பெரும்பாலும் சுமந்து சென்றனர். பெர்லினர் வகைத் தட்டுக் கருவி, பதிந்த ஒலியைக் கேட்பதற்கு மட்டுமே பயன்பட்டது. உருளைக் கருவியிலோ ஒலிப்பெட்டியைக் கழற்றிப் பதிவு முனையைப் பொருத்தினால் போதும், வீட்டிலேயே பதிவு செய்யலாம். இதனால் கடைகளில் தட்டு வெற்றிபெற்ற பின்னரும் கள ஆய்வில் உருளை நெடுங்காலம் நிலைத்தது. 1898இல் டாரஸ் நீரிணைக்குச் சென்ற கேம்பிரிட்ஜ் குழுவும், 1907-08இல் இலங்கையில் வேடர்களிடையே பணிசெய்த செலிக்மன் இணையரும், கலிபோர்னியப் பழங்குடி மொழிகளைத் திரட்டிய ஆல்பிரட் குரோபரும் இவ்வகைக் கருவியையே கையாண்டனர். இன்று ஒருவர் தம் வீட்டு மேசையில் பழைய போனோகிராப் ஒன்றைப் பிரித்து வைத்துப் பழுதுபார்க்கும்போது, அம்மொழிப்பதிவுகளைத் தந்த கருவியின் உள்ளமைப்பே அவர் கண்முன் கிடக்கிறது. அவ்வுள்ளமைப்பை அறியாமல் அப்பதிவுகளை முழுமையாக வாசிக்க இயலாது.

கருவியின் உறுப்புகள்

முழு இறுக்கத்திலுள்ள சுருள்வில்லைத் திறந்தால் கையைக் கிழித்துவிடும். ஆகவே சாவியின் இறுக்கம் முழுவதையும் இறக்கிய பின்னரே பழுதுபார்ப்பு தொடங்கும். வில் அடங்கிய உருண்டைப் பெட்டிக்குள் நூறாண்டு பழமையான கிராஃபைட் கிரீஸ் கட்டிதட்டியிருக்கும். வில்லின் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, விடுபடும்போது 'தொம்' என்ற ஓசையுடன் குதிக்கும். அந்தக் குதிப்பு உருளையின் சுழற்சியையும் ஒரு கணம் உலுக்கும். மண்ணெண்ணெயில் கழுவிப் புதுக் கிரீஸ் இட்டால் ஓசை நின்றுவிடும். இது பொறுமையும் கனத்த கையுறையும் கேட்கும் வேலை. நுட்பம் மிகுதியும் வேண்டியதில்லை.

நுட்பம் வேண்டியது வேகக்கட்டுப்படுத்தியில்தான். மெல்லிய தட்டைவில்கள் மூன்றின் நடுவே சிறு எடைகள் மூன்று பொருத்தப்பட்டிருக்கும். அச்சு விரைந்து சுழலும்போது எடைகள் வெளிநோக்கி விரிகின்றன. தட்டைவில்கள் வளைவதால் அச்சிலுள்ள வட்டத்தகடு பக்கவாட்டில் நகர்ந்து தோல் அட்டை ஒன்றில் உரசுகிறது. அவ்வுரசல் வேகத்தைத் தடுக்கிறது. தோல் அட்டையை முன்னும் பின்னும் நகர்த்த ஒரு திருகு உண்டு. கருவியின் வேகம் இந்த ஒரு திருகின் நிலையைப் பொறுத்தது. தோல் காய்ந்தாலும், எண்ணெய் வற்றினாலும், தட்டைவில் ஒன்றில் மயிரிழை விரிசல் கண்டாலும் சுழற்சி நடுங்கும். மோட்டாரிலிருந்து உருளைதாங்கிக்கு ஆற்றலைக் கொண்டுசெல்லும் தோல்வார் தளர்ந்தால் உருளை வழுக்கிப் பின்தங்கும். இவற்றைச் சரிசெய்த பின்னர், உருளைதாங்கியின் விளிம்பில் காகிதத் துணுக்கு ஒன்றை ஒட்டி, ஒரு நிமிடத்தில் அது எத்தனை முறை மேலே வருகிறது என எண்ணிப் பார்ப்பது வழக்கம். 1902 முதல் வார்ப்பு முறையில் வெளிவந்த எடிசன் உருளைகளுக்கு அவ்வெண் 160 ஆக இருக்க வேண்டும்.

அதற்கு முந்திய பழுப்பு மெழுகு உருளைகள் இவ்வெண்ணுக்குக் கட்டுப்பட்டவை அல்ல. 120, 144 எனப் பல வேகங்களில் அவை பதியப்பட்டன. களப்பதிவுகளுக்கோ நிலையான வேகம் என்று ஒன்றுமே இல்லை. அங்குலத்துக்கு 100 வரி கொண்ட உருளை, 160 சுழற்சியில் ஏறத்தாழ இரண்டு நிமிடப் பேச்சையே கொள்ளும். கதை நீள்வதைக் கண்ட ஆய்வாளர் திருகைச் சற்றே தளர்த்தினால் இன்னும் அரை நிமிடம் கிடைத்துவிடும். தளர்த்திய அளவை அவர் குறிப்பேட்டில் எழுதிவைக்காமற் போவதும் இயல்பே.

இதன் விளைவு சிறிதன்று. 144இல் பதிந்ததை 160இல் ஓடவிட்டால் குரல் ஏறக்குறைய இரண்டு அரைச்சுரம் உயர்கிறது. 120இல் பதிந்ததை 160இல் ஓடவிட்டால் எல்லா அதிர்வெண்களும் மூன்றில் ஒரு பங்கு கூடுகின்றன: 500 ஹெர்ட்ஸில் இருந்த முதல் ஃபார்மன்ட் 667 ஹெர்ட்ஸுக்குச் செல்கிறது; இடையுயிர் ஒன்று திறந்த உயிர்போல் ஒலிக்கத் தொடங்குகிறது. குறில் நெடில் வேறுபாடு விகிதத்தில் மாறாது நிற்பினும் பேச்சின் நடை முக்கால் நேரத்துக்குள் சுருங்கிவிடுகிறது. கூம்புக்குழல் வழியாகப் பதிந்த ஒலியில் ஏறத்தாழ 3,000 ஹெர்ட்ஸுக்கு மேல் அநேகமாக எதுவும் தங்குவதில்லை என்பதையும் இத்துடன் சேர்த்துக் கருத வேண்டும். ஸகர ஷகரங்களைப் பிரித்துக் காட்டும் ஆற்றலின் பெரும்பகுதி அந்த எல்லைக்கு அப்பால் உள்ளது. ஆகவே உருளையிலிருந்து எழுத்துப்பெயர்ப்புச் செய்தவர் உரசொலிகளை எங்ஙனம் வேறுபடுத்தினார் என்று வினவுவது முறையே. பெரும்பாலும் நேரில் கேட்ட நினைவும் குறிப்பேடுமே அவருக்குத் துணையாகியிருக்கும்.

பெர்லினில் கார்ல் ஸ்டும்ப் 1900இல் தொடங்கிய ஒலிப்பதிவகம் இச்சிக்கலுக்கு எளிய வழி கண்டது. பதிவின் தொடக்கத்தில் 435 ஹெர்ட்ஸ் அதிர்வுள்ள சுருதிக்குழலை ஊதிப் பதிய வேண்டும். பிற்காலத்தில் எந்தக் கருவியில் ஓட்டினாலும் அக்குழலொலி 435ஆக ஒலிக்கும்வரை திருகை நகர்த்தினால் மூலவேகம் மீண்டுவிடும். ஒரு நொடி ஊதல் நூறாண்டுக்குப் பின்வரும் வாசகருக்கு வழிகாட்டி நிற்கிறது. எல்லாக் களங்களிலும் இவ்வழக்கம் பின்பற்றப்பட்டிருந்தால் பல ஐயங்கள் எழுந்திரா.

மூலநிலை எது?

எடிசன் நிறுவனம் 1929இல் உருளை உற்பத்தியை நிறுத்தியது. அதன்பின் இக்கருவிகளைக் காப்பது பெரிதும் தனிமனிதர் பொறுப்பாயிற்று. லண்டன் நகரப் போனோகிராப், கிராமபோன் சங்கம் 1919இலேயே தோன்றியிருந்தது. ரீடும் வெல்ச்சும் 1959இல் வெளியிட்ட வரலாறும், ஃப்ரோவும் செஃபலும் 1978இல் தந்த எடிசன் உருளைக் கருவிகள் பற்றிய நூலும், எரிக் ரைஸின் 1986ஆம் ஆண்டுப் பழுதுபார்ப்புக் கையேடும் சேகரிப்பாளர்க்குத் துணையாயின. இந்நூல்கள் பரவப் பரவ, எந்தக் கருவிக்கு எந்த ஒலிப்பெட்டி உரியது என்ற அறிவும் பரவியது. கூடவே 'மூலநிலைக்கு மீட்டல்' என்ற ஆசையும் வளர்ந்தது.

இவ்வாசை பதிப்பாசிரியர்கள் நன்கறிந்த இடர் ஒன்றைக் கொண்டுவருகிறது. 1901இல் விற்கப்பட்ட ஸ்டாண்டர்ட் கருவி ஒன்றைக் கொள்வோம். 1902க்குப் பின் அதன் உரிமையாளர், வார்ப்பு உருளைகளுக்கென வந்த 'சி' ஒலிப்பெட்டியை வாங்கிப் பொருத்தியிருப்பார். 1908இல் அங்குலத்துக்கு 200 வரி கொண்ட நான்கு நிமிட அம்பெரால் உருளைகள் வந்தபோது, திருகுத்தண்டின் நகர்வைப் பாதியாக்கும் பற்சக்கரத் தொகுதியை நிறுவனமே தனியே விற்றது. அதுவும் அதில் ஏறியிருக்கும். இப்போது இவற்றுள் மூலம் எது, இடைச்செருகல் எது? தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த வடிவமே மூலம் என்று கொண்டு பிற்கால உறுப்புகளை நீக்குபவர், அக்கருவி ஒரு குடும்பத்தில் பத்தாண்டுகள் வாழ்ந்த வரலாற்றையும் சேர்த்து நீக்கிவிடுகிறார். ஏட்டில் பிற்காலக் கையெழுத்தில் உள்ள திருத்தங்களைப் பாடபேதமாகக்கூடக் குறிக்காமல் விட்டுவிடும் பதிப்புக்கு இது ஒப்பாகும். கழற்றிய உறுப்பைப் பெயர்ச்சீட்டுடன் எடுத்துவைப்பதே குறைந்தபட்ச நெறி. மரப்பெட்டியின் அரக்குப் பூச்சை ஆல்கஹாலால் துடைத்துப் பளபளப்பாக்குவோர்க்கு அந்த வாய்ப்பும் இல்லை. பூச்சும் பொன்வரிகளும் துணியோடு வந்துவிடும், மீளா.

ஒலிப்பெட்டியை மாற்றுவதில் தவறினால் இழப்பு உருளைக்கு. நீல அம்பெரால் உருளை 1912இல் வந்தது. செல்லுலாய்டால் ஆனது, வைர முனையைத் தாங்கும். அதே முனை மெழுகின்மேல் ஓடினால் வரிகளை உழுதுவிடும். உருளையில் ஒலி வரியின் ஆழத்தில் மேடுபள்ளமாகப் பதிந்திருக்கிறது. முனை அந்த மேடுகளின் மீதே ஏறி இறங்குகிறது. தகுந்த முனையாயினும் ஒவ்வொரு முறையும் சிறிது தேய்க்கவே செய்யும். பழுப்பு மெழுகு உண்மையில் ஒருவகை உலோகச் சோப்பு. பூஞ்சை அதைத் தின்று வெண்புள்ளிகளாகப் படரும். குளிர்ந்த உருளையை வெப்பமான விரல்களால் பற்றினாலும் வெடிக்கக்கூடும். அதனால்தான் உள்துளையில் இரு விரல்களை நுழைத்து விரித்துத் தூக்குவது சேகரிப்பாளரிடையே வழக்காயிற்று. சுருங்கிய உருளையைத் தாங்கியில் அழுத்தித் திணிப்பதும் உடைவில் முடியும். இவற்றால், நன்கு பழுதுபார்த்த கருவியாயினும் அதில் கடை உருளைகளையே ஓட்டலாம்; ஒரே படியாக எஞ்சிய களப்பதிவை ஓட்டலாகாது.

மற்றோர் அழிவு வேண்டுமென்றே நிகழ்ந்தது. உருளையின் மேற்பரப்பை நீலக்கல் கத்தியால் மெல்லச் சீவினால் மீண்டும் புதுப் பதிவுக்கு ஆயத்தமாகிவிடும். சில மாதிரிகளில் இந்தச் சீவுகத்தி கருவியுடனேயே அமைந்திருந்தது. வெற்று உருளை வாங்கும் செலவை மிச்சப்படுத்திய ஏற்பாடு இது. எத்தனை குரல்கள் அதன் வழியே மெழுகுத் துருவலாய் உதிர்ந்தன என்பதற்குக் கணக்கில்லை.

இங்கு மொழிபெயர்ப்பாளர்க்கு ஒரு குறிப்பு. இக்காலத்து ஆங்கில நூல்களில் 'ரெக்கார்ட்' என வருமிடமெல்லாம் 'இசைத்தட்டு' எனப் பெயர்ப்பது பிழைக்கு இடந்தரும். உருளை தட்டன்று, அதில் இருப்பது பல சமயம் இசையும் அன்று. 'போனோகிராப்' என்ற சொல் பிரிட்டிஷ் வழக்கில் உருளைக் கருவியையும் 'கிராமபோன்' தட்டுக் கருவியையும் குறித்தன. அமெரிக்க வழக்கிலோ பின்னாளில் தட்டுக் கருவியும் போனோகிராப் ஆயிற்று. நூல் எழுந்த நாட்டையும் ஆண்டையும் நோக்கியே சொல்லைத் தெரிய வேண்டும். 'உருளைப்பதிவு' என்ற தொடர் இரு நாட்டு நூல்களுக்கும் பொருந்தும்.

ஈஷியின் உருளைகள்

யானா மொழியின் யாஹி வழக்கைப் பேசியவராக அறியப்பட்ட இறுதி மனிதர் ஈஷி. 1911 முதல் 1914 வரை குரோபரும் வாட்டர்மனும் அவர் பேச்சையும் பாட்டையும் 148 உருளைகளில் பதிந்தனர். மொத்த நேரம் 5 மணி 41 நிமிடம். சராசரியாக ஓர் உருளைக்கு 2 நிமிடம் 18 நொடி. ஈஷி சொன்ன மரவாத்துக் கதை 51 உருளைகளில் நீள்கிறது. ஐம்பது முறை கதையை நிறுத்தி உருளை மாற்றியிருக்கிறார்கள். அக்கதையின் வாக்கிய எல்லைகளையும் நிறுத்தங்களையும் உரையாடற் கூறுகளையும் ஆராய்பவர், எது யாஹி கதைமரபின் நிறுத்தம், எது மெழுகு தீர்ந்ததால் நேர்ந்த நிறுத்தம் என்று பிரித்தாக வேண்டும். 1915 கோடையில் எட்வர்ட் சபீர் ஈஷியிடமிருந்து நேரில் கேட்டு எழுதிய குறிப்புகளில் உருளை விதித்த இந்த எல்லை இல்லை. ஈஷி 1916இல் மறைந்தார்.

பெர்க்லியிலுள்ள ஹெர்ஸ்ட் அருங்காட்சியகத்தில் இவற்றோடு 1900க்கும் 1938க்கும் இடையில் பதிந்த 2,713 உருளைகள் உள்ளன. அவற்றில் ஒலிப்பவை கலிபோர்னியாவின் 78 மொழிகள். லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் கார்ல் ஹேபரும் விட்டாலி ஃபதேயெவும் 2003 முதல் வளர்த்த ஒளியியல் முறை, முனை படாமலே வரியின் ஆழத்தை அளந்து ஒலியைக் கணிக்கிறது. பூஞ்சை படர்ந்த உருளையும் உடைந்த உருளையும் இம்முறையால் பேசத் தொடங்கின. 2015இல் தொடங்கிய திட்டத்தின்கீழ் அத்தொகுதியின் உருளைகள் இவ்வாறு வருடப்பட்டன.

ஆயினும் ஒளிக்கதிர் அளப்பது உருளையின் கோணத்தையும் ஆழத்தையும் மட்டுமே. அந்த அளவில் காலம் இல்லை. ஒரு சுற்று எத்தனை நொடியில் நிகழ்ந்தது என்பதைக் கணினிக்கு ஒருவர் சொல்லியாக வேண்டும். சுருதிக்குழல் ஒலிக்காத உருளையில் அவ்வெண்ணை உய்த்துணர்வதற்கு, உருளை முடிவை நெருங்கும்போது வில் எவ்வளவு தளரும், தளர்ந்த தோல்வார் எந்த அளவில் வழுக்கும், திருகின் கால் சுற்று வேகத்தை எத்தனை மாற்றும் என்பன தெரிந்திருக்க வேண்டும். இவ்வளவுகளைத் தரவல்லவை, காய்ந்த தோல் மாற்றப்பட்டு, கிரீஸ் கழுவப்பட்டு, இன்றும் ஓடிக்கொண்டிருக்கும் கருவிகளே. அவற்றுட் பல தனியார் வீடுகளில் உள்ளன.