அம்பா இழுத்த பாரம்

எடை தூக்குவோர் பலத்துக்கான பயிற்சியையும் தசை பருப்பதற்கான பயிற்சியையும் பிரித்தே பேசுவார்கள். பெரும் பாரத்தை ஐந்து தடவைக்குள் தூக்கினால் பலம் ஏறும். நடுத்தரப் பாரத்தைத் தசை சோரும்வரை தூக்கினால் உடம்பு திரளும். 1901இல் உடற்கட்டு வீரர் யூஜின் சாண்டோ லண்டனில் நடத்திய போட்டியில் உடற்கட்டுக்கே பரிசு கிடைத்தது. ஆனால் இலங்கையின் புத்தளம் கரையோரத்துத் தொழிலாளரின் உடம்பை இந்த இரண்டு கட்டங்களில் எதிலும் முழுதாக அடைக்க முடியாது.

கரைவலையைப் பாருங்கள். தோணி கயிற்றின் ஒரு தலைப்பைக் கரையில் விட்டு, வலையை அரைவட்டமாக வளைத்து, மறு தலைப்போடு சற்றுத் தள்ளிக் கரையேறும். ஆட்கள் இரு பக்கமும் பிரிந்து, குதிகாலை மணலில் ஊன்றி, உடம்பைப் பின்னுக்குச் சாய்த்து இழுப்பார்கள். வலையின் மடி கரைசேர வெகுநேரம் பிடிக்கும். இதே கரையோரத்து உடப்பு ஊர் மீனவர் வலை இழுக்கையில் பாடும் அம்பாப் பாட்டுக்கு இங்கேதான் வேலை. ஒருவர் அடியெடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடும்போது எல்லாருடைய இழுப்பும் ஒரே நேரத்தில் கயிற்றில் விழும்; அடுத்த இழுப்புக்கு முன் மூச்சுவிட இடைவெளியும் கிடைக்கும். பாரம் பங்காகிவிடுவதால் எவருடைய தசையும் எல்லைவரை போகாது. தசை பருக்கவும் உச்ச பலம் ஏறவும் அந்த எல்லையை நெருங்க வேண்டும். இங்கே வளர்ந்தது சளைக்காமல் நெடுநேரம் உழைக்கும் திறன்.

அப்படியென்றால் உப்பு மூட்டை சுமந்தவர்கள்? நியாயமான கேள்விதான். ஆங்கிலேயர் காலத்தில் உப்பு அரசின் ஏகபோகம். புத்தளத்து உப்பளங்கள் அதன் முக்கிய ஊற்றுகளில் ஒன்று. மூட்டையை முதுகில் ஏற்றி நிமிர்வது சந்தேகமில்லாமல் பலத்தின் வேலை. ஆனாலும் பலசாலி பருத்திருக்க வேண்டியதில்லை. ஆய்வாளர்கள் மொரிட்டானியும் டிவ்ரீஸும் 1979இல் வெளியிட்ட ஆய்வின்படி, பயிற்சியின் தொடக்க வாரங்களில் கூடும் பலம் பெரும்பாலும் நரம்புகளால் வருவது. தசை வளர்ச்சியின் பங்கு பிறகுதான் மேலோங்கும். ஒரே தூக்கலைத் திரும்பத் திரும்பச் செய்யும் உடம்பு, இருக்கிற தசையை முழுதாகப் பயன்படுத்தக் கற்றுக்கொள்கிறது.

இந்தத் தொழிலாளரின் மெலிவுக்குக் காரணம் பயிற்சியல்ல, பசி என்று ஒருவர் மறுக்கலாம். அதில் பாதி உண்மை. தசைக்கு மிகுதியான சாப்பாடும் ஓய்வும் வேண்டும். கரைவலைக்காரருக்குக் கூலி பிடிபட்ட மீனில் பங்கு, மீன் படாத நாளில் பங்கும் இல்லை. அந்த ஒல்லியான உறுதியை ஆரோக்கியத்தின் அடையாளமாகப் புகழ்வது வயிறு நிறைந்தவர்களின் பேச்சு. ஆனால் பசி மெலிவை மட்டுமே விளக்கும். அந்த மெலிந்த உடம்பு வலையை எப்படி இழுத்தது என்பதை விளக்காது. அதற்குப் பாட்டையும் ஆள்கட்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

அண்மைக் காலத்தில் உழவு இயந்திரத்தில் பூட்டிய வின்ச் பல கரைகளில் கயிற்றை இழுக்கத் தொடங்கியது. அதைத் தடுக்க வேண்டும் என்போர் கடலடியும் மீன்குஞ்சும் அழிவதைச் சொல்கிறார்கள். வேண்டும் என்போர் இழுக்க ஆள் கிடைக்கவில்லை என்கிறார்கள். பலம் போய்விட்டது என்று இரு தரப்பிலும் யாரும் முறையிடுவதாகத் தெரியவில்லை.