ஊருணி யாருது?

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சு தள்ளிப் போட்டுக்கிட்டே இருந்த பதிவு இது. கொஞ்சம் வரலாறு, கொஞ்சம் சட்டம், கொஞ்சம் எங்க ஊர்ப் புலம்பல். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்குங்க.

சினிமாவுல அரசாங்க ஊழியரை மிரட்டணும்னா ஒரு வசனம் வருமே, "தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திருவேன்"னு. அந்தக் காடு எங்க ஊருதான். இராமநாதபுரம் மாவட்டம், கடலாடிப் பக்கம். கிணறு வெட்டினா உப்பு, போர் போட்டா அதைவிட உப்பு. நாலஞ்சு குடத்தை வச்சுத் தள்ளுற தள்ளுவண்டி இல்லாத வீடு எங்க பக்கம் அபூர்வம்.

ஆனா ஒரு விசயம் தெரியுமா? எங்க மாவட்டத்துல வருசத்துக்குச் சராசரியா 827 மில்லிமீட்டர் மழை பெய்யுது. பாலைவனம்னு சொல்ற ஜெய்சல்மேர்ல 200 மில்லிமீட்டர் தேறினாலே பெரிசு. அப்போ எங்களுக்குப் பிரச்சினை மழை இல்லாதது இல்ல. பெய்யுற மழையில பாதிக்கு மேல ஐப்பசி, கார்த்திகையில சில நாள்லயே கொட்டிட்டுப் போயிடும். அதைப் பிடிச்சு வச்சாத்தான் அடுத்த ஆடி வரைக்கும் உசுரு. அதுக்குத்தான் எங்க முன்னோர்கள் வயலுக்குக் கண்மாய், குடிக்க ஊருணின்னு ரெண்டா பிரிச்சு வச்சாங்க. வள்ளுவர் ஒப்புரவுக்கு உவமை சொல்ல ஊருணியைப் பிடிச்சது சும்மா இல்ல. ஊர் உண்ணும் நீர், பேருலயே விசயம் இருக்கு.

கண்மாய்னு சொன்னா சின்னதா நினைக்காதீங்க. ராஜசிங்கமங்கலம் கண்மாயை "நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை"ன்னு சொல்லுவாங்க. ஒரு நாரையால ஒரே மூச்சுல கரையைத் தாண்ட முடியாதாம். வைகை ஆறே கடைசியில இராமநாதபுரம் பெரிய கண்மாயை நம்பித்தான் வருது. மேல இருக்குற கண்மாய் நிறைஞ்சு, கலுங்கு வழியா வழிஞ்சு, கீழ இருக்குற கண்மாய்க்குப் போகும். இது ஒரு சங்கிலி. நடுவுல ஒருத்தன் வரத்துக்காலை அடைச்சா, கீழ பத்து ஊரு காயும்.

இந்தச் சங்கிலியை யாரு பராமரிச்சா? இங்கதான் "குடிமராமத்து" வருது. ஊர்க்கூட்டம் போட்டு, தலைக்கட்டுக்கு ஒரு ஆள்னு மண்வெட்டியோட வந்து, கோடையில தூர் வாருறது, கரையைப் பலப்படுத்துறது, வரத்துக்காலைச் சுத்தம் பண்றது. வெட்டுன வண்டல் அவங்கவங்க வயலுக்கு உரம்.

உத்திரமேரூர்ல பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுல (919, 921ஆம் வருசம்) ஏரி வாரியம்னு ஒரு தனிக் குழுவே வருது. அதை வச்சு "அந்தக் காலத்துலயே எங்ககிட்ட ஜனநாயகம் இருந்துச்சு"ன்னு மார்தட்டிட்டு நிறுத்திக்கிறது நம்ம வழக்கம். நான் அங்க நிறுத்தப் போறதில்ல.

சேதுபதி சீமையில ஒரு ஆளை அவசியம் சொல்லணும். பிரதானி முத்திருளப்ப பிள்ளை. முத்துராமலிங்க சேதுபதியோட அமைச்சர். 1789 வாக்குலயே, மேற்கே வீணா ஓடுற பெரியாத்துத் தண்ணியைக் கிழக்கே திருப்பி வைகையில விட முடியுமான்னு யோசிச்சவர். காசு இல்லாம நின்னு போச்சு. நூறு வருசம் கழிச்சு 1895ல பென்னிகுவிக் அந்த அணையைக் கட்டி முடிச்சார். பலன் பெருசாப் போனது மதுரைப் பக்கத்துக்கு. கனவு கண்ட சீமை கடைமடையாவே நின்னுச்சு.

1803ல இராமநாதபுரம் ஜமீன் ஆச்சு. பேஷ்குஷ் கட்டினா போதும்ங்கற ஏற்பாடு. கண்மாய் மராமத்துக்கு யாரு காசு போடுறது? ஜமீன் குடியைக் கை காட்டும், குடி ஜமீனைக் கை காட்டும். 1858ல கம்பெனி சர்க்கார் ஒரு சட்டமே போட்டுச்சு, கட்டாய உழைப்புச் சட்டம்னு. வழக்கப்படி மராமத்துக்கு வரவேண்டியவன் வரலைன்னா, அந்த உழைப்போட மதிப்பைப் போல ரெண்டு மடங்கு கட்டணும். ஊரு தானா செஞ்சிட்டு இருந்த வேலைக்கு சட்டம் தேவைப்பட்டுச்சுன்னாலே, அது அப்பவே ஆட்டம் கண்டிருச்சுன்னு அர்த்தம் இல்லையா?

சரி, இப்போ கொஞ்சம் கசப்பான மேட்டர்.

எங்க அப்பத்தாகிட்ட ஒரு தடவை, "அந்தக் காலத்துல ஊரே கூடி ஊருணி வெட்டுவாங்களாமே அப்பத்தா, நீங்க பாத்திருக்கீங்களா?"ன்னு பெருமையா கேட்டேன்.

"ஊரே எங்கடா கூடுச்சு? நம்ம ஆளுங்க கரையில நின்னு சத்தம் போடுவாக. வெட்டுனதெல்லாம் கிழக்குத் தெரு ஆளுகதேன்."

"அவங்களும் இதுலதானே தண்ணி எடுத்தாங்க?"

"அதெப்புடி விடுவாக? அவுகளுக்கு ஊருக்கு அந்தப் பக்கம் ஒரு குட்டை கெடந்துச்சு. அது மாசிலயே வத்திரும். பொறவு நம்ம கரையில வந்து குடத்தை வச்சுட்டு ஒக்காந்திருப்பாக. யாராச்சும் மோந்து ஊத்தணும்."

அதுக்கு மேல கேக்க எனக்கு வாய் வரல. மோந்து ஊத்துனதுல எங்க அப்பத்தாவும் ஒருத்தி. ஊத்தாமப் போன நாளும் இருந்திருக்கும்தானே. அதனால யாராச்சும் "பழைய குடிமராமத்து திரும்பி வரணும்"னு உருகினா, எந்தப் பாதி திரும்பி வரணும்னு கேக்கத் தோணுது.

பஞ்சாயத்துச் சட்டங்கள் வரிசையா வந்துச்சு. 1920ல ஒண்ணு, 1950ல ஒண்ணு, 1958ல ஒண்ணு. ஜமீனை ஒழிச்ச சட்டம் 1948ல. கண்மாய் எல்லாம் சர்க்கார் சொத்து ஆச்சு. 100 ஏக்கருக்கு மேல ஆயக்கட்டு இருந்தா பொதுப்பணித்துறை, அதுக்குக் கீழன்னா பஞ்சாயத்து யூனியன், ஊருணி ஊராட்சிக்குன்னு பிரிச்சுட்டாங்க. தண்ணிக்கு இந்தக் கணக்கு தெரியாதுல்ல? வரத்துக்கால் ஒருத்தர்கிட்ட, குளம் இன்னொருத்தர்கிட்ட. நடுவுல வேலிக்கருவை (சீமைக்கருவேலம்தான்) காடா மண்டிருச்சு.

1994 சட்டமும், அதுப்படி 1996ல நடந்த தேர்தலும்தான் எனக்குப் பெரிய திருப்பமாப் படுது. பெண்களுக்கு மூணுல ஒரு பங்கு, தாழ்த்தப்பட்டவங்களுக்குத் தனி ஒதுக்கீடு. குடத்தோட கரையில காத்துக் கிடந்த வீட்டுப் பிள்ளை தலைவர் நாற்காலியில உக்காரலாம்னு சட்டம் சொல்லுச்சு. எல்லா ஊருலயும் விட்டாங்களான்னா இல்ல. ஆனா அந்தக் கதவு ஒரு தடவை திறந்தது திறந்ததுதான்.

அதே காலத்துல மதுரை தானம் அறக்கட்டளை மாதிரி அமைப்புகள் எங்க மாவட்டத்துல ஊருணிகளைச் சீரமைச்சாங்க. ஊருணிக்குப் பக்கத்துலயே வடிகட்டிக் கிணறு, அதுல ஒரு அடிபம்பு. யாரும் தண்ணிக்குள்ள இறங்க வேண்டாம். சுத்தத்துக்காகன்னு சொன்னாங்க. எனக்கு அதுல இன்னொண்ணும் தெரியுது. அடிபம்பு மோந்து ஊத்த ஆள் கேக்காது. யாரு அடிச்சாலும் வரும்.

அப்புறம் 2000களோட கடைசியில திருச்சிப் பக்கமிருந்து காவிரி கூட்டுக்குடிநீர் வந்துச்சு. குழாயில தண்ணி வந்ததும் ஊருணியை மறந்துட்டோம். நான் உட்பட. குழாய் நாலு நாளைக்கு ஒருக்கா, வாரத்துக்கு ஒருக்கான்னு ஆனப்புறம்தான் திரும்பிப் பாத்தோம்.

2016ல ஊராட்சிப் பதவிக்காலம் முடிஞ்சு, 2019 டிசம்பர் வரைக்கும் தேர்தலே நடக்கல. தனி அலுவலர் நிர்வாகம். அந்த இடைவெளியில 2018ல எங்க ஊருணியைத் தூர் வாருறோம்னு மிசின் வந்துச்சு. ஊரே சந்தோசப்பட்டுச்சு. ஊருணி நடுவுல ஒரு அடையாளக் கல் உண்டு. வண்டலை அந்தக் கல் வரைக்கும்தான் வெட்டணும், அதுக்குக் கீழ கைவைக்கக் கூடாதுங்கறது பெரியவங்க கணக்கு. ஏன்னா கீழ இருக்குறது களிமண். அதுதான் மழைத் தண்ணியைத் தாங்கிப் பிடிக்குது. அதைக் கிழிச்சா அடியில இருக்குற உப்பு மேல ஏறும்.

மிசினுக்குக் கல்லு தெரியுமா? எங்க சித்தப்பா போயி சொல்லியிருக்கார். "ஆழமா வெட்டுனா நிறைய தண்ணி நிக்கும் பெருசு"ன்னு சிரிச்சிருக்காங்க. கல்லையும் சேத்து அள்ளிட்டாங்க. அந்த வருசம் தண்ணி நிறைய நின்னுச்சு. பங்குனியில வாயில வைக்க முடியல. உப்பு.

போய்க் கேக்க அன்னைக்குத் தலைவரும் இல்ல, வார்டு மெம்பரும் இல்ல. இத்தனைக்கும் முந்தின வருசம்தான் (2017) "குடிமராமத்து"ங்கற பேருலயே அரசு ஒரு திட்டம் ஆரம்பிச்சிருந்துச்சு. முதல் கட்டத்துல 100 கோடி ரூபாய், 1519 பணிகள், விவசாயிகள் பங்கு 10 சதவீதம். எங்க ஊருணி வேலை அந்தக் கணக்குல வராத வேற ஒண்ணு. ஆனா அந்தப் பேரைக் கேக்கும்போதெல்லாம் எனக்கு ஒண்ணு தோணும். குடிமராமத்துல முக்கியம் மண்வெட்டி இல்ல. எங்க நிறுத்தணும்னு தெரிஞ்சவன் பேச்சு சபையில ஏறுதாங்கறதுதான். மிசின் காசு கொடுத்தா கிடைக்கும். அந்தக் கல்லு எங்க கிடைக்கும்?

2022ல இருந்து தமிழ்நாட்டுல கிராம சபை நாலுல இருந்து ஆறா ஆச்சு. மார்ச் 22, உலகத் தண்ணீர் தினமும் அதுல ஒண்ணு. 2023 மார்ச் 22க்கு லீவு போட்டுட்டு ஊருக்குப் போனேன். பெரிய கூட்டம்லாம் இல்ல, அறுபது பேரு இருக்கும். ஊருணியில களிமண் கொட்டி மிதிச்சு அடியை மூடணும், வரத்துக்கால் ஆக்கிரமிப்பை எடுக்கணும்னு தீர்மானம் வந்துச்சு. பேசினது கிழக்குத் தெரு அக்கா ஒருத்தங்க. "வெட்டத் தெரிஞ்ச எங்களைக் கேட்டிருந்தா, கல்லைத் தாண்ட விட்டிருக்க மாட்டோம்"னாங்க. சபையில சத்தமே இல்ல.

ஆக்கிரமிப்பு யாருதுன்னு அளந்தா, பாதி எங்க பங்காளி வயலு! வீட்டுல ஒரு மாசம் பேச்சுவார்த்தை இல்ல. கடைசியில சித்தப்பாதான் முதல்ல வரப்பைப் பின்னால தள்ளிப் போட்டார்.

இப்போ நிலைமை? களிமண் போட்டு ரெண்டு மழை பாத்தாச்சு. மாடு குடிக்குது. மனுசன் குடிக்க இன்னும் ரெண்டு மூணு மழை வேணும்ங்கறாங்க. 2025 ஜனவரியில பதவிக்காலம் முடிஞ்சு, மறுபடியும் தனி அலுவலர் வந்தாச்சு. ஆனா இந்தத் தடவை புதுசா ஒரு கல்லு நட்டிருக்கோம். தீர்மான நோட்டுல அந்தக் கல்லோட ஆழமும் எழுதியிருக்கு. கிழக்குத் தெரு, மேலத் தெரு ரெண்டு பக்கத்துக் கையெழுத்தோட.

உங்க ஊருலயும் ஒரு ஊருணி, குளம், ஏந்தல் ஏதாச்சும் இருக்கும். யாரு வெட்டுனா, யாரைக் குடிக்க விடல, எவ்வளவு ஆழம் வரைக்கும் வெட்டலாம்னு வீட்டுல பெருசுங்க இருக்கும்போதே கேட்டு ஒரு பதிவாப் போடுங்க. சுட்டியைப் பின்னூட்டத்துல கொடுங்க, வந்து படிக்கிறேன்.

டிஸ்கி: சித்தப்பா இந்தப் பதிவைப் படிக்க மாட்டார்ங்கற தைரியத்துலதான் வரப்பு மேட்டரை எழுதியிருக்கேன். யாரும் போட்டுக் கொடுத்துறாதீங்கப்பு :-)