பத்துக் காசிற் பொறித்த பலகை

மலேசியா 1989ஆம் ஆண்டு வெளியிட்ட பத்துக் காசு நாணயத்தில் ஒரு குழிப்பலகை பொறிக்கப்பட்டிருந்தது. அது மலாய் மக்களின் சொங்காக். வரிசைக்கு ஏழு குழிகள், இரு முனைகளிலும் 'வீடு' என்னும் பெருங்குழி, காய்கள் 98. நமது பல்லாங்குழி அதற்கு உடன்பிறந்தாள் போன்றது. இதற்கும் பதினான்கு குழிகளே. வீடு மட்டும் இல்லை.

நம் இல்லங்களில் இப்பலகை இருந்த இடம் எது? பூப்பெய்திய சிறுமியைத் தீட்டென்று ஒதுக்கிவைத்த மூலை! பள்ளிக்கு அனுப்பாது, வாயிலையும் தாண்டவிடாது இருத்திய பெண்ணுக்குப் பொழுது கழிக்கக் கொடுத்தது ஒரு பலகையும் ஒரு பிடி புளியங்கொட்டையுமே. அவளோ அதைக்கொண்டு கணக்கே கற்றாள். எக்குழியில் எடுத்தால் எங்கே முடியும், எங்கே நான்கு காய் சேர்ந்து 'பசு' ஆகும் என்பதை விரல்விட்டு எண்ணாமலே மனத்தில் ஓட்டிப் பார்த்தாள். பெண்புத்தி பின்புத்தி என்று பேசிய ஆடவர், ஏடறியாத பாட்டியின் எதிரே ஒருமுறை அமர்ந்து ஆடிப் பார்த்திருக்கலாம்.

தோற்றவள் மறு ஆட்டத்தில், தன்னிடம் எஞ்சிய காய்கள் நிரப்பும் குழிகளை மட்டுமே ஆளலாம். மற்றவை வெறுமையாய்க் கிடக்கும். ஆயினும் பசுக்கள் சில சேர்ந்தால் இழந்த குழிகள் மீளும். அந்த ஆசையே அவளைப் பலகையினின்றும் எழவிடாது.