கங்காணி காதில் விழாத பாட்டு

2006-இல் எனக்கு ஒன்பது வயது. மலாக்கா, ஜாசின் பக்கம் ஒரு தமிழ்ப்பள்ளி. வேன் அண்ணன் காலையில் முருகன் பாட்டு போடுவார். திரும்பும்போது யோகி பி - நட்சத்ராவின் 'வல்லவன்'. 'மடை திறந்து' வந்துவிட்டால் வேனே அதிரும். அது 1980-இல் 'நிழல்கள்' படத்துக்கு இளையராஜா போட்ட மெட்டு என்று அப்பா சொல்லித்தான் தெரியும். "நல்ல பாட்டைக் கெடுத்துட்டானுங்க" என்பார். பாட்டிதான் கேட்டுவிட்டுச் சிரித்தார். "நாங்களும் இப்படித்தான் மூச்சு விடாம பாடுவோம். கங்காணி அந்தாண்ட போனப்புறம்."

பாட்டி பால்மரம் சீவியவர். வேலைக்காட்டில் பெண்கள் பாடிய பாட்டில் பாதி கேலி: ஆசை காட்டிக் கப்பலேற்றியவன், பேர் போடும்போது ஏமாற்றும் கிராணி, அதட்டும் கங்காணி. முத்தம்மாள் பழனிசாமி போன்றவர்கள் தொகுத்ததால் கொஞ்சம் மிஞ்சியிருக்கிறது. மேலே இருந்தவர்களுக்கு இவர்கள் வெறும் 'கூலி'. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் ஆர்.எச். நாதன் பின்னால் திரண்டவர்கள் கூலி உயர்வோடு இன்னொன்றும் கேட்டார்கள்: துரை வந்தால் சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம். நாதனை நாடு கடத்தினார்கள். பட்டாளம் வந்தது, ஆட்கள் சுடப்பட்டுச் செத்தார்கள். எனக்கு அந்தச் சைக்கிள்தான் மறக்க மாட்டேன் என்கிறது.

பிறகு தோட்டங்கள் துண்டு போடப்பட்டன, ரப்பர் போய் செம்பனை வந்தது, சனங்கள் தாமான்களுக்கும் மலிவு விலை வீடுகளுக்கும் இடம் மாறினார்கள். 'கூலி' போய் 'ரவுடி' வந்தது. 2013 ஆகஸ்டில் உள்துறை அமைச்சு 49 குண்டர் கும்பல்களின் பட்டியலை வெளியிட்டது. உறுப்பினர் சுமார் 40,000 பேர், அதில் எழுபது விழுக்காட்டுக்கு மேல் இந்தியர் என்றது. நாட்டு மக்கள்தொகையில் நாம் ஏழு விழுக்காடுதான். அப்போது நான் நான்காம் படிவம். அடுத்த வாரம் எங்கள் பள்ளியில் தமிழ்ப் பையன்களை மட்டும் வரிசையில் நிறுத்திப் பையைச் சோதித்தார்கள். என் பையில் கணக்குப் புத்தகமும் ஒரு நாசி லெமாக் பொட்டலமும்.

கும்பல்கள் இல்லை என்று சொல்ல வரவில்லை. எங்கள் தாமானிலேயே போனவர்கள் உண்டு. ஆனால் அந்த வரிசையில் நின்றபோதுதான் யோகி பி, டாக்டர் பர்ன், எம்சி ஜெஸ் மூவரும் ஏன் அவ்வளவு மார்தட்டினார்கள் என்று புரிந்தது. தாளம் அமெரிக்கக் கறுப்பர்களுடையது, சரி. செந்தமிழையும் இங்கிலீஷையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ரேடியோவில், எல்லார் காதிலும் விழச் சொன்னது நம்ம ஆளுங்க.

ஒரு குறை சொல்லத்தான் வேண்டும். தோட்டத்துப் பாட்டில் 'நாம்' இருந்தது. ராப்பில் 'நான்' வந்து உட்கார்ந்துகொண்டது. பாட்டைப் பெண்கள் கையிலிருந்து ஆண்கள் எடுத்துக்கொண்டார்கள், அதுவும் உண்மை.

பாட்டி பாடியதை நான் பதிவு செய்து வைக்கவில்லை. போனில் அதற்கு ஒரு பட்டன் இருந்தும். அம்மாவுக்கு ஒரு பாட்டில் இரண்டு அடி ஞாபகம் இருக்கிறது. அதில் திட்டு வாங்குவது கங்காணி என்கிறார் அம்மா. இல்லை, கிராணிதான் என்று சித்தி இன்னும் சண்டை போடுகிறார்.