அடுப்படி விளையாட்டும் கற்றல் வளைகோடும்

1856-ஆம் ஆண்டு இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் ரயில் ஓடியது. அந்தப் பாதையில் உள்ள அரக்கோணம் இன்று பெரிய சந்திப்பு. வண்டி வந்து நின்றதும் ஒருவர் இட்லி கேட்பார். ஒருவர் வடை கேட்பார். மற்றொருவர் மீதிச் சில்லறைக்குக் கை நீட்டுவார். வண்டி புறப்படுவதற்குள் எல்லாரையும் கவனித்தாக வேண்டும். புதியவர் திணறுவார், பழகியவர் பதறாமல் முடிப்பார். இந்தப் பரபரப்பைத்தான் கைப்பேசியின் சமையல் விளையாட்டுகள் படம்பிடிக்கின்றன.

திறமை எப்படி வளர்கிறது? 1885-இல் ஜெர்மானிய அறிஞர் எபிங்ஹாஸ், பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, நினைவையும் மறதியையும் அளந்தார். 1897-இல் அமெரிக்காவில் பிரையன், ஹார்ட்டர் என்ற இருவர் தந்தி கற்போரை ஆராய்ந்தனர். வாரந்தோறும் வேகத்தை அளந்து கோடாக வரைந்தபோது ஒரு விந்தை தெரிந்தது. செய்தியை வாங்கும் வேகம் சிறிது ஏறியபின் பல வாரம் அப்படியே நின்றது. பிறகு மீண்டும் ஏறியது. இந்தத் தேக்கத்தை அவர்கள் 'மேட்டுநிலம்' என்றனர். தனி எழுத்தாகக் கேட்ட காது, சொல்லாகவும் தொடராகவும் கேட்கப் பழகும் காலமே அது என்பது அவர்கள் தந்த விளக்கம்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். 'செங்குத்தான கற்றல் வளைகோடு' என்றால் கடினமானது என்று பலர் பொருள் கொள்கின்றனர். வரைபடத்தில் செங்குத்தான கோடு, விரைவாகக் கற்பதையே காட்டும்!

1983-இல் வந்த 'டாப்பர்' விளையாட்டில் பானம் பரிமாறுபவர் நான்கு மேசைகளுக்கு ஓடினார். 2000-களின் முற்பகுதியில் நியூயார்க்கின் கேம்லாப் நிறுவனம் உருவாக்கிய 'டைனர் டாஷ்' இவ்வகையைப் பரப்பியது. வாடிக்கையாளரின் பொறுமை கண்ணெதிரே குறையும். முதலில் சிலரே வருவர். கை பழகப் பழகக் கூட்டம் பெருகும். கூட்டம் மிக மெதுவாகப் பெருகினால் சலிப்பு; மிக விரைவாகப் பெருகினால் ஆடுபவர் விட்டுவிடுவார்.

ஆனால் கடிகாரம் மட்டுமே கடினமா? 2023-இல் கனடாவின் விசை கேம்ஸ் வெளியிட்ட 'வெண்பா' வேறு வழியில் சென்றது. 1988-இல் கனடா சென்ற தமிழ்க் குடும்பத்தின் கதை அது. தாயின் சமையல் குறிப்பேட்டில் வரிகள் அழிந்திருக்கின்றன. இட்லித் தட்டுகளை எப்படி அடுக்கினால் ஆவி எங்கும் பரவும் என்று ஆடுபவரே யோசிக்க வேண்டும். நேரக் கெடு இல்லை. தவறினால் மீண்டும் முயலலாம். 2024-இல் இது பிரிட்டனின் பாஃப்டா 'முதல் படைப்பு' விருதைப் பெற்றது.

விரைவு ஒரு திறமை. விளங்கிக்கொள்வது வேறொரு திறமை. புதிய தட்டச்சையோ ஒரு கணக்கு வகையையோ நாள்தோறும் பத்து நிமிடம் பழகி, முடித்த அளவைக் கட்டத்தாளில் குறித்து வாருங்கள். கோடு ஏறாமல் நிற்கும் நாள்களில் மனம் தளராதீர்கள். உங்கள் மேட்டுநிலத்திற்கு அப்பாலும் ஓர் ஏற்றம் இருக்கலாம்.