சுயசேவை மளிகைக் கடை

சுயசேவை மளிகைக் கடை என்பது, வாங்குபவர் அடுக்குகளிலிருந்து பொருளைத் தாமே எடுத்து, வெளியேறும் இடத்தில் பணம் செலுத்தும் சில்லறை விற்பனை முறை. அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில் 1916 செப்டம்பரில் கிளாரன்ஸ் சாண்டர்ஸ் தொடங்கிய பிக்லி விக்லி கடை இதன் முன்னோடி. கடையமைப்புக்கு 1917இல் காப்புரிமை கிடைத்தது. அதுவரை வாடிக்கையாளர் சொல்லச் சொல்லப் பணியாளரே பொருளை எடுத்து, நிறுத்துத் தந்தார். சாண்டர்ஸ் ஒவ்வொரு பொருளுக்கும் விலை குறித்தார். நுழைந்தவர் எல்லா அடுக்குகளையும் கடந்தே வெளியேறும்படி ஒருவழிப் பாதை வகுத்தார். தேடி வந்த பொருளோடு கண்ணில் பட்டதையும் வாங்கவைத்தது இந்த அமைப்பே. எந்தச் சுவரொட்டியாலும் அவ்வளவு எளிதில் ஆகாத காரியம்.

பிக்லி விக்லியில் கூட்டம் சேர்ந்தது சுயசேவையால் அல்ல, மலிவு விலையால்தான் என்ற மறுப்பு பாதியே உண்மை. ஏ அண்ட் பி மளிகை நிறுவனம் 1912 முதலே கடன் தருவதையும் வீட்டுக்கு அனுப்புவதையும் கைவிட்ட சிக்கனக் கடைகளைத் திறந்து விலையைக் குறைத்திருந்தது. ஆனால் அங்கே பொருளை எடுத்துத் தந்தவர் பணியாளரே. பிக்லி விக்லியின் மலிவோ பெரிதும் சுயசேவையின் விளைவு: ஆள் குறைந்தது, செலவும் குறைந்தது. வேலையை வாங்குபவர் தலையில் கட்டினால் அவர் விலகிவிடுவார் என்ற ஐயமும் பொய்த்தது. 1923 வாக்கில் கிளைகள் ஆயிரத்தைத் தாண்டின. சுயசேவைக் கடையில் கைக்கூடை கனத்ததும் வாங்குவது நின்றுவிடுவதைக் கவனித்த ஓக்லஹோமா சிட்டி வணிகர் சில்வன் கோல்ட்மன், 1937இல் தள்ளுவண்டியை அறிமுகப்படுத்தினார்.